பழத்தைப் பக்குவம் செய்வதும் கடைக்காரர் வேலையே

திருப்பூரில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சனிக்கிழமை மாலை வியாபாரத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. வாரச் சம்பளம் வாங்கிய கையோடு வருகிறவர்கள் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வாங்கி முடித்த பிறகு, வாசலில் தொங்கும் வாழைத்தாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னைக்கே சாப்புடறாப்ல ஒரு சீப்புக் குடுங்கண்ணா" என்பார்கள். மாம்பழக் காலத்தில் இதே வார்த்தையை மாம்பழத்துக்கும் சொல்வார்கள்.

இந்தக் கோரிக்கைக்குக் காரணம் உண்டு. லைன் வீட்டில் ஒரே அறையில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். காயாக வாங்கிப் போய்ப் பழுக்கப் போட இடம் கிடையாது. பல வீடுகளில் பிரிட்ஜும் இல்லை. காலையில் கம்பெனிக்குப் போய் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில் திரும்புகிறவர், வாங்கிய பழத்தை அன்றிரவோ மறுநாள் ஞாயிற்றுக்கிழமையோ குழந்தைகளுடன் உட்கார்ந்து சாப்பிட நினைக்கிறார். முன்பு கிராமத்து வீட்டில் பாட்டி செய்த வேலையை, அதாவது காயைப் பழமாக்கும் வேலையை, இங்கே நாம்தான் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. மண்டியில் மஞ்சளாக இருந்தால் எடுக்கிறோம், கடையில் வைத்து விற்கிறோம். அதன் விளைவாகவே "முன்ன மாதிரி ருசி இல்லீங்க" என்ற பேச்சும், ஒவ்வொரு கோடையிலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனைகளும் வந்து சேருகின்றன.

முதலில் ஒரு காய் பழமாகும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உள்ளே இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. புளிப்பு குறைகிறது. சதை இளகுகிறது. தோலில் உள்ள பச்சையம் குலைந்து மஞ்சளோ சிவப்போ வெளிப்படுகிறது. கடைசியாக மணம் வருகிறது. மல்கோவா பழுத்த அறைக்குள் நுழைந்தவுடனே தெரியும் அந்த மணம்தான் வேலை முழுமையாக முடிந்ததற்கு அடையாளம். இவை எல்லாம் கூடி நடந்தால்தான் பழம். தோல் மட்டும் மஞ்சளாகி உள்ளே வேலை நடக்காமல் இருந்தால், அது சாயப்பட்டறையில் நிறம் ஏற்றிய துணிக்குச் சமானம். சாப்பிடுகிற சரக்கு அல்ல.

இந்த மாற்றங்களைத் தொடங்கி வைப்பது எத்திலீன் என்ற வாயு. 1901-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் திமித்ரி நெல்ஜுபோவ் என்பவர், விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன், ஆப்பிள் பழமே அந்த வாயுவை வெளிவிடுகிறது என்று நிரூபித்தார். விஞ்ஞானம் பெயர் வைப்பதற்கு முன்பே நம்மவர்கள் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்து வைத்தால், காய் விடும் வாயு வெளியே போகாமல் அதன் மேலேயே வேலை செய்யும். வாழைத்தாரை அறையில் அடுக்கிப் புகை மூட்டம் போட்டால், அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு.

பிறகு வந்ததுதான் "கல்". கார்பைடு என்று நாம் சொல்லும் கால்சியம் கார்பைடு, ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவை விடும். வெல்டிங் பட்டறையில் எரிக்கும் அதே வாயு. தள்ளுவண்டிகளில் அந்தக் காலத்தில் எரிந்த கார்பைடு விளக்கு மூத்த வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். அசிட்டிலீன் ஓரளவுக்கு எத்திலீனைப் போல நடிக்கும், தோலை மஞ்சளாக்கும். ஆனால் கடைகளில் கிடைக்கும் கார்பைடில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கலந்திருக்கும். இவற்றின் நச்சு வாயுக்கள் பழத்தில் படும். கல்லைக் கையாளும் கூலியாளின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல். விலை மலிவு என்பதைத் தவிர இதற்கு வேறு தகுதி கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டியில் எடுத்து வந்த செந்தூராப் பெட்டியைக் கடையில் பிரித்தபோது, அடியில் செய்தித்தாளில் மடித்த பொட்டலம் இருந்தது. பிரித்தால் சாம்பல் நிறத் தூள், பூண்டு போன்ற வாடை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க" என்று பதில் வந்தது. அந்தப் பெட்டியைக் குப்பையில் கொட்டினேன். நஷ்டம் பெரிதல்ல. அதற்கு முந்தைய வாரம் அதே மண்டியில் எடுத்த இரண்டு பெட்டியை விற்றுத் தீர்த்திருந்தேனே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சட்டம் இதில் சிறு கடைக்காரரை விட்டுவிடவில்லை என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். பழைய கலப்படத் தடைச் சட்ட விதிகளிலேயே கல்லுக்குத் தடை இருந்தது. 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 2.3.5 என்ற விதி அதைத் திரும்பவும் தெளிவாகச் சொல்கிறது. அதன்படி அசிட்டிலீன் வாயுவால் பழுக்க வைத்த பழத்தை விற்பது மட்டுமல்ல, விற்பனைக்காகப் பார்வையில் வைப்பதும், கடைக்குள் இருப்பு வைப்பதும் குற்றம். "நான் பழுக்க வைக்கவில்லை, மண்டியில் வாங்கினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே மண்டியில் பழம் எடுக்கும்போது துண்டுச் சீட்டாவது வாங்காமல் வரக் கூடாது. தேதியும் மண்டியின் பெயரும் அதில் இருக்கட்டும். பழத்துக்குத்தான் ஜி.எஸ்.டி. இல்லையே, பில் எதற்கு என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். சரக்கு எங்கிருந்து வந்தது என்று அதிகாரியிடம் காட்ட அந்தச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

எதற்கு அனுமதி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். எத்திலீன் வாயுவைப் பயன்படுத்தலாம். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை இருக்கலாம் என்று 2016-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. சிறு பைகளில் தூளாக வரும் எத்திலீனையும் பெட்டிக்குள் வைக்கலாம், ஆனால் தூள் பழத்தின் மேல் படவே கூடாது. எத்திபான் என்ற மருந்துக் கரைசலில் வாழைக்காயையோ மாங்காயையோ முக்கி எடுப்பதும், மேலே தெளிப்பதும் அனுமதியில் அடங்காது. 2025 மே மாதத்தில் ஆணையம் இதைத் திட்டவட்டமாக அறிவித்தது. எத்திபானிலிருந்து வாயுவை உண்டாக்கிக் கொள்ளலாம், அவ்வளவுதான். "மருந்து அனுமதிச்சதுதான்" என்று மண்டியில் யாராவது சொன்னால், எந்த மருந்து, எப்படி என்று கேட்டுக் கொள்வது நல்லது.

மஞ்சள் நிறத்தைப் பற்றி இன்னொரு தவறான எண்ணம் வாடிக்கையாளர்களிடம் இருக்கிறது. ரொபஸ்டா வாழைப்பழம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் "கல் வெச்சது" என்று ஒதுக்குகிறார்கள். உண்மை வேறு. இந்த இனம் குளிர்ந்த அறையில், சுமார் 15 முதல் 18 டிகிரியில் பழுத்தால் நன்றாக மஞ்சளாகும். நம் ஊர் வெயிலில் பழுத்தால் உள்ளே குழைந்துவிடும், தோல் மட்டும் பச்சையாகவே நிற்கும். இதைப் பச்சைப்பழம் என்று நாம் அழைப்பதற்கே இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆகவே மஞ்சள் ரொபஸ்டா என்பது பெரும்பாலும் குளிர் அறையிலிருந்து வந்த சரக்கு. இதை வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் நம்புவார்கள். அதே சமயம் வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துவிடும். கூல் டிரிங்க்ஸ் பெட்டிக்குள் பழத்தைத் திணித்து வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனையும் அப்படித்தான். மிதந்தால் கல் வைத்தது, மூழ்கினால் இயற்கை என்று கைப்பேசியில் செய்தி சுற்றுகிறது. மூழ்குவதும் மிதப்பதும் காய் முற்றியதா இல்லையா என்பதைத்தான் காட்டும். முற்றாத மாங்காய் மிதக்கும், முற்றியது மூழ்கும். கல்லைக் கண்டுபிடிக்க இது உதவாது. ஆனால் மண்டியில் காய் எடுக்கும்போது ஒரு வாளித் தண்ணீர் உண்மையிலேயே உபயோகமானது. ஏனென்றால் முற்றாமல் பறித்த காயை எந்த வாயுவும் ருசியான பழமாக்காது. விலை ஏறியிருக்கும் சித்திரைத் தொடக்கத்தில் அவசரமாகப் பறித்து வரும் காய்களில் ஏமாற்றம் அதிகம். காம்பைச் சுற்றித் தோள் இரண்டும் நிரம்பி மேலே எழும்பியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

சிறு கடையில் அறை கட்டிக் குளிரூட்ட முடியாது. தேவையும் இல்லை. முற்றிய மாங்காயைக் காம்போடு வாங்கிப் பால் வடியவிட்டுத் துடைக்க வேண்டும். பால் பட்ட இடம் கருகிவிடும். அட்டைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் அடுக்கி, நடுவில் நன்கு பழுத்த வாழைப்பழம் இரண்டை வைத்து மூடினால் போதும். அந்த வாழைப்பழம் விடும் எத்திலீனே வேலை செய்யும். தகரக் கூரைக்குக் கீழே வைக்காமல், தரையோடு நிழலில் வைக்க வேண்டும். தினமும் ஒரு முறை திறந்து, அழுகியது இருந்தால் எடுத்துவிட வேண்டும். செவ்வாய் அல்லது புதன்கிழமை போட்டது சனிக்கிழமை மாலைக்கு வரும். ஒரே நாளில் எல்லாப் பெட்டியையும் போடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஞாயிறு, திங்களுக்கும் பழம் கையில் இருக்கும். கல் வைத்தால் இரவோடு இரவாக மஞ்சளாகிவிடுமே என்று சிலர் கேட்கலாம். நான்கு நாள் முதலீடு முடங்குவது உண்மைதான். அதற்கு ஈடாக, வாங்கியவர் அடுத்த சனிக்கிழமை திரும்பி வருகிறார்.

எல்லாப் பழமும் இப்படிப் பழுக்காது. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, பலா ஆகியவை பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, தர்பூசணி, அன்னாசி, நாவல் ஆகியவை பறித்த அன்று எப்படியோ அப்படியே. அதற்குப் பிறகு இனிப்புக் கூடாது, வாடத்தான் செய்யும். கம்பம் பன்னீர் திராட்சையைப் புளிப்பாக வாங்கி "ரெண்டு நாள்ல இனிக்கும்" என்று விற்றால், நாமே நம்மை ஏமாற்றிக் கொள்கிறோம். இவற்றை அன்றன்றைக்கு விற்கும் அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும். நாவல் பழம் மறுநாள் தாங்காது. ஆயக்குடியிலிருந்து வரும் கொய்யாவும் இந்த வெயிலில் இரண்டு நாளுக்கு மேல் சரிப்படாது. அதைக் கம்பெனி வாசலில் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கும் தள்ளுவண்டிக்காரர், நம்மைவிடத் தம் சரக்கை நன்றாகத் தெரிந்தவர் என்றே சொல்ல வேண்டும். இன்னொன்று: பழுத்த வாழை, மாம்பழம் பக்கத்தில் கீரையையும் வெள்ளரிக்காயையும் வைத்தால், அந்த வாயுவால் அவை சீக்கிரம் மஞ்சளாகும். தனித் தனியாக வைக்க வேண்டும்.

பழனி மலையில் விளையும் விருப்பாச்சி மலைவாழையை நம் கடைகளில் அதிகம் பார்க்க முடிவதில்லை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் பெற்ற பழம். முடிக்கொத்து நோயால் ஒரு காலத்தில் தோட்டங்கள் அழிந்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திசு வளர்ப்புக் கன்றுகளால் மீண்டு வந்தது. பழுக்கப் பழுக்கத் தோல் சுருங்கிக் கறுக்கும், ஆனால் சதை கெடாது. இனிப்பும் மணமும் அப்போதுதான் முழுதாக வரும். பார்வைக்கு மட்டும் மதிப்புக் கொடுக்கும் வாடிக்கையாளர் இதைத் தொடவே மாட்டார். இதை விற்க ஒரே வழி, ஒரு பழத்தை உரித்துக் கையில் கொடுத்துச் சாப்பிடச் சொல்வதுதான். ஒரு பழம் நஷ்டம், அவ்வளவே. சத்தியமங்கலம், கோபி பக்கத்துத் தேன்வாழைக்கும் கதலிக்கும் இந்தச் சிரமம் இல்லை. நம் பகுதி மக்கள் அவற்றை அறிந்தவர்கள்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு மாம்பழம் ஊர் நினைவைத் தரும் பொருள். அவர்கள் ஊரில் சீசன் நமக்குப் பின்னால் வரும். சித்திரையில் நாம் கல் வைத்த பழத்தைக் கொடுத்துக் கசப்பை உண்டாக்கினால், ஆனியில் நல்ல நீலம் வரும்போதும் அவர்கள் நம்பி வாங்க மாட்டார்கள். நீலம் கடைசியாக வரும் இனம். காய்ப்பு அதிகம், பழுத்த பிறகும் ஓரளவு தாங்கும், விலையும் இறங்கியிருக்கும். சீசன் முடிகிற நேரத்தில் சிறு கடைக்காரர் அதிகப் பயமில்லாமல் எடுக்கக் கூடிய பழம் அதுதான். தண்ணீர் வாளியை மட்டும் மறக்க வேண்டாம்.