இணைப்புக்கு ஏன் உறவுப் பெயர்?

வலைப்பக்கத்தில் ‘மல்லாங்கிணறு’ என்ற இணைப்பைச் சொடுக்கினால் இன்னொரு பக்கம் திறக்கும். அது ஊரைப் பற்றியதா, அங்கே பிறந்தவரைப் பற்றியதா என்பது கணினிக்குத் தெரியாது. ஆகவே சில தரவுத்தளங்களில் இணைப்போடு உறவின் பெயரும் குறிக்கப்படுகிறது.

அவற்றுள் ஒன்றான, 2012-இல் தொடங்கிய விக்கித்தரவில் ‘அமைந்துள்ள நிர்வாகப் பகுதி’ என்ற உறவின் எண் பி131. மல்லாங்கிணறு காரியாபட்டி வட்டத்தில், வட்டம் விருதுநகர் மாவட்டத்தில், மாவட்டம் தமிழ்நாட்டில் என்று இந்த ஓர் உறவை மும்முறை கோத்தால் போதும். ஊர் தமிழ்நாட்டில் உள்ளது என்பதைத் தனியாக எழுதாமலே கணினி கண்டறியும். ‘விருதுநகர் மாவட்டப் பேரூராட்சி’ என்று தனி உறவு படைத்தால் அது வேறெங்கும் பயன்படாது. ‘தொடர்புடையது’ என்ற பொத்தாம்பொதுவான பெயர் அதைவிட மோசம்: சிவகாசிப் பட்டாசும் அந்த மாவட்டத்துக்குத் தொடர்புடையதுதான், ஆனால் அப்படிக் கோத்த உறவுகளிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.