காதில் விழுந்த கவிதை – 7: நந்தன் மெட்டில் எழுந்த குரல்

அப்பரின் கொல்லிப் பண்ணைக் கேட்டபடி கடந்த வாரம் திருவதிகையில் நின்றோம். இந்த வாரம் அங்கிருந்து தெற்கே, தில்லை என்னும் சிதம்பரத்துக்குப் போவோம்.

கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து தில்லையைக் காண ஏங்கிய நந்தனின் கதையைச் சேக்கிழார் பாடினார். அதில் நந்தனைத் தடுக்கும் பண்ணையார் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யை எழுதியபோதுதான் அந்த வேதியப் பண்ணையார் வந்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் பண்ணையாளை அவர் ஏளனம் செய்கிறார், மிரட்டுகிறார். கர்நாடக ராகங்களோடு நொண்டிச் சிந்து போன்ற நாட்டார் மெட்டுகளும் கலந்த அந்தப் பாட்டுகள் ஊர் ஊராகப் பரவின.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இசையில் நாட்டமில்லை. கீர்த்தனையில் இலக்கணப் பிழைகள் இருந்ததால், கோபாலகிருஷ்ண பாரதி கேட்ட சிறப்புப்பாயிரத்தைத் தராமல் நாள் கடத்தினார். ஒருநாள் கோபாலகிருஷ்ண பாரதி அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தன்னை மறந்து பாடினார். உள்ளே இருந்து கேட்ட பிள்ளையின் மனம் உருகியது. பாயிரம் எழுதித் தந்தார். இதைப் பதிவு செய்தவர் அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர்.

சுப்பிரமணிய பாரதி அந்த மெட்டுகளை எடுத்தாண்ட விதம்தான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. நந்தனை வேதியர் ஏசும் பாட்டின் வர்ணமெட்டிலேயே, சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஆங்கிலேய அதிகாரி ஏசுவதாக ஒரு பாட்டு எழுதினார். மெட்டைக் கேட்டதுமே மக்களுக்கு நந்தன் நினைவு வந்துவிடும். ஏசுபவன் யார், ஏசப்படுபவன் யார் என்று விளக்கத் தேவையில்லை. நந்தன் பக்கம் நின்று கண்ணீர் விட்டவர்கள் தேசத்தின் பக்கமும் நிற்பார்கள். பாதிப் பொருளை மெட்டே சொல்லிவிடுகிறது.

1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வெளியேறிய பாரதி கைதாகி, கடலூர் சிறையில் அடைக்கப்பட்டார். ஆனால் இதே கடலூர் மாவட்டத்து நந்தனின் குரல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் பாட்டில் குடியேறிவிட்டது. வேலைப் பாட்டுகளும் அப்படித்தான். ஏற்றம் இறைப்பவர், நெல் குத்தும் பெண்கள், சுண்ணாம்பு இடிப்பவர் ஆகியோரின் பாட்டுகளில் நெஞ்சைப் பறிகொடுத்ததைக் ‘குயில் பாட்டி’ல் குயிலின் வாயால் வரிசையாகச் சொல்கிறார். வீணையும் வேய்ங்குழலும் அதே வரிசையில்தான் வருகின்றன. அவர் காதுக்கு இதில் மேல் கீழ் இல்லை.

இசை கேட்டால் கவிதைக்கு ஓசை நயம் வரும் என்பார்கள். அது சிறு பயன். ஒரு மெட்டைப் பாடிய மனிதர்களின் ஏக்கமும் கோபமும் அந்த மெட்டோடு சேர்ந்தே கவிஞனுக்குள் வருகின்றன என்பதுதான் பெரிது. தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடையே பம்புசெட் வந்ததும் ஏற்றப்பாட்டு நின்றுபோனது. நடவுப் பாட்டு தெரிந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். எழுத வரும் இளைஞர்களே, முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் பாடுவதைப் பதிவு செய்யுங்கள், மனப்பாடம் செய்யுங்கள். பிறகு எழுதுங்கள்.

அடுத்த வாரம்: மருதூர் வள்ளலாரின் பாட்டும் பஜனை மரபும்.

(தொடரும்)