கணக்கில் வராத குடும்பங்கள்

தனியே நின்றால் பலமற்றவர்கள் ஒன்று சேர்ந்து பலம் பெறுவதற்காக ஏற்பட்டதே கூட்டுறவு. நூல் வாங்க முதல் இல்லாத நெசவாளரும், விளைந்ததை நியாய விலைக்கு விற்க வழியில்லாத விவசாயியும் சங்கத்தின் வாயிலாக அவற்றைச் சாதித்துக்கொள்கிறார்கள். இந்தத் தத்துவம் நூலுக்கும் நெல்லுக்கும் மட்டும் உரியதன்று. 1995-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் சர்வதேசக் கூட்டுறவு இயக்கம் ஏற்றுக்கொண்ட ஏழு கோட்பாடுகளுள் கடைசியானது, தான் அமைந்துள்ள சமுதாயத்தின் நலனில் சங்கம் அக்கறை கொள்ள வேண்டும் என்பதாகும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்கள் விஷயத்தில் இக்கோட்பாட்டை எவ்வாறு கையாளலாம் என்பதை இங்கே ஆராய்வோம்.

சட்டம் கூறுவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே அங்கீகரித்தது. புதிய சட்டம் 21 வகைகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, கற்றல் குறைபாடு, தலசீமியா முதலியவை இவற்றுள் அடங்கும். நூற்றுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தை 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ, இலவசமாகக் கல்வி பெற உரிமை உடையது. கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் வாய்ப்பை, கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் செய்யப்பட்ட திருத்தம் அளிக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் ‘நிராமயா’ திட்டம் நடைபெறுகிறது. அவர்கள் 18 வயதைக் கடந்தபின் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழுவும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் பயன் எல்லோருக்கும் எட்டவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், நாட்டில் நூற்றுக்கு 2.21 பேர், அதாவது 2 கோடியே 68 லட்சம் பேர், குறைபாடு உடையவர்களாகப் பதிவாயினர். தமிழ்நாட்டின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம். உலக சுகாதார நிறுவனமோ, உலக மக்களில் நூற்றுக்கு 16 பேர் குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்வதாக மதிப்பிடுகிறது. இரண்டும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. ஆயினும் நம் கணக்கில் வராதவர்கள் பலர் இருக்க வேண்டும் என்பதை இந்த வித்தியாசம் உணர்த்துகிறது.

ஏன் வருவதில்லை?

சங்கங்களை ஆய்வு செய்யும்போது பொதுப் பேரவையின் வருகைப் பதிவேட்டையும் நடவடிக்கைப் புத்தகத்தையும் பார்ப்பது எங்கள் கடமை. அவற்றில் பேசியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் அவையே. வராதவர் யார், ஏன் வரவில்லை என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தை உள்ள வீட்டார் பலர் இவ்வாறு வராதவர்களே. இதை அலட்சியம் என்று கொள்வது பெரும் பிழை. காரணங்கள் தெளிவானவை.

முதலாவது, கூலி நஷ்டம். ஒரு நெசவாளர் வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன் தறியில் அமர, மனைவி தார் சுற்றித் தருகிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் மாவட்டத் தலைநகருக்குச் சென்றால் தாரும் நிற்கும், தறியும் நிற்கும். நெய்த அளவுக்கே கூலி பெறும் வீட்டில், ஒரு நாள் பயணம் இருவரின் ஒரு நாள் ஊதியத்தையும் கொண்டுபோகிறது. களையெடுப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் விவசாயக் குடும்பத்தின் நிலையும் இதுவே.

இரண்டாவது, அச்சமும் கூச்சமும். மூத்த பெண்ணின் கல்யாணம் தடைப்படுமோ என்று அஞ்சி இளைய குழந்தையை உள்ளறையில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ‘முன்வினைப் பயன்’ என்று ஊரார் சொல்லும் சொல் தாயைத்தான் முதலில் தாக்குகிறது.

மூன்றாவது, முன்னர் பெற்ற ஏமாற்றம். ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் மறுமுறை செல்லத் தயங்குவார்.

நான்காவது, ஊரின் விளிம்பில் இருத்தல். தனித் தெருவிலும் காலனியிலும் வசிப்போர், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு செல்வோர், கணவனை இழந்த பெண்கள், சங்கத்தில் சேராமல் தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்வோர் ஆகியோரின் பெயர்கள் நம் அங்கத்தினர் ஏட்டில் இல்லை. ஆதலால் சங்கத்தின் அறிவிப்பு இவர்களை எட்டுவதேயில்லை.

இதனால் விளையும் நஷ்டம் பெரிது. தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 2013 முதல் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் அனுப்பப்படாத குழந்தை இக்குழுவின் கண்ணிலும் படுவதில்லை. எந்தக் குழந்தைக்கு உதவி அதிகம் தேவையோ, அதுவே தப்பிப் போகிறது. பிறந்த சில வாரங்களிலேயே தொடர்ந்து மாவுக்கட்டுப் போட்டால் வளைபாதத்தைப் பெரும்பாலும் நேராக்கிவிடலாம். காது கேளாமையை ஆறு மாதத்துக்குள் கண்டு ஆவன செய்தால் பேச்சு வளர வாய்ப்பு மிகுதி. பருவம் தவறிய விதைப்பு என்ன ஆகும் என்பதை விவசாயிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சங்கம் செய்யக்கூடியவை

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், விபத்தில் கைகால்கள் செயலிழந்தவர். அந்நிறுவனத்தின் ஊழியர்கள் கிராமங்களில் குழந்தையின் வீட்டுக்கே சென்று, பெற்றோருக்கும் பயிற்சி அளிக்கிறார்கள். ‘அவர்கள் வரட்டும்’ என்று காத்திராமல் ‘நாம் செல்வோம்’ என்று புறப்படுவதே இம்முறையின் சாரம். நம் சங்கங்களும் தம் சக்திக்கேற்ப இதைப் பின்பற்றலாம்.

1. செல்ல வேண்டியவர் யார்? அதிகாரிபோல் ஏட்டுடன் ஒருவர் போய் நின்றால் கதவு திறக்காது. இத்தகைய குழந்தையை வளர்த்த ஒரு தாய் செல்வது எல்லாவற்றிலும் சிறந்தது. எந்தத் தெருவுக்குச் செல்கிறோமோ அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவரும் உடன் செல்ல வேண்டும்.

2. எப்பொழுது? நூல் வாங்கவும் கூலி பெறவும் வரும் நாளில் குடும்பத்தில் ஒருவர் எப்படியும் சங்கத்துக்கு வருகிறார். அந்நாளே பேச்சைத் தொடங்க ஏற்றது. வீட்டுக்குச் செல்வதானால் தறி ஓய்ந்த மாலைப் பொழுதில் செல்க.

3. எப்படிக் கேட்பது? வாசலில் நின்று குறையின் பெயரைச் சொல்லிக் கேட்பது தகாது. “அக்கா, வீட்டில் எத்தனை குழந்தைகள்? எல்லோரும் பள்ளிக்குப் போகிறார்களா?” என்று கேட்டால் போதும். பதில் வருவதற்கு இரண்டு மூன்று சந்திப்புகள் ஆகலாம், பொறுத்திருக்க வேண்டும்.

4. ஒரு சமயத்தில் ஒரு காரியம். முதலில் ஆதார், பிறப்புச் சான்று ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பிறகு யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவர்களின் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உதவித்தொகைக்கும் உபகரணங்களுக்கும் இதுவே திறவுகோல். பராமரிப்பு உதவித்தொகையின் தகுதியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், சிறப்பு ஆசிரியர், இயன்முறைப் பயிற்சி பற்றி வட்டார வள மையத்திலும் விசாரிக்கலாம்.

5. சேர்ந்து செல்லுதல். ஐந்து குடும்பங்கள் தனித்தனியே ஐந்து நாள் அலைவதைக் காட்டிலும், ஒரே வண்டியில் ஒரே நாளில் செல்வது சிக்கனம். சேர்ந்து வாங்கினால் நூல் மலிவதுபோலவே, சேர்ந்து சென்றால் அலைச்சல் குறையும். உடன் வந்த தாய்மார்கள் ஒருவருக்கொருவர் துணையாவது இதில் கிடைக்கும் அதிக லாபம்.

6. இரகசியம் காத்தல். குடும்பங்களின் பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு உரியதன்று. பொறுப்பான இருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். குழந்தையை மேடையில் நிறுத்திச் சக்கர நாற்காலி கொடுப்பதைப் புகைப்படம் எடுப்பதும் வேண்டாம். உரிமையாகப் பெறுவதைத் தருமமாகக் காட்டினால், அந்தக் குடும்பம் மறுமுறை வராது.

செலவுக்கு என்ன வழி என்று நிர்வாகத்தினர் கேட்பது நியாயமே. இதில் பெரும்பகுதி உழைப்பேயன்றிப் பணமன்று. வண்டி வாடகை போன்றவற்றுக்குச் சட்டமும் துணைவிதிகளும் இடம் கொடுக்கும் அளவில் பொது நல நிதியைப் பயன்படுத்தலாம்; அல்லது அங்கத்தினர்கள் மனமுவந்து தருவதைத் தனிக் கணக்கில் வைக்கலாம். நடைமுறை மூலதனத்தில் கை வைத்தல் கூடாது. நல்ல நோக்கமாயினும் கணக்கு ஒழுங்காக இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இக்குடும்பங்களை உதவி பெறுவோராக மட்டும் கருதி நின்றுவிடலாகாது. எந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் வர முடியும், சங்கக் கட்டிடத்துக்குச் சாய்தளம் தேவையா, வளர்ந்த பிள்ளைக்குத் தார் சுற்றுதலோ கணக்கு எழுதுதலோ எது இயலும் என்பதை அவர்களே நன்கு அறிவார்கள். தகுதியுள்ளவர்களை அங்கத்தினராகச் சேர்த்து, பேரவையில் அவர்களும் பேசும்படி செய்ய வேண்டும். அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன், ஒவ்வோர் அங்கத்தினரும் தம் தெருவில் சங்க ஏட்டில் இல்லாத ஒரு வீட்டுக்கேனும் சென்று வருவாராக. பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டபின்பே நெய்யும் வழக்கம் உடையவர்கள் நாம். ஊரில் அறுந்து கிடக்கும் இழையையும் பார்க்காமல் விடலாகாது.