துப்பாக்கி இல்லாத வேட்டை!

ஆகஸ்டு மாதம். விடியற்காலை 4 மணி. குளிர் எலும்பைத் துளைக்கிறது.

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம். அங்கே ராக்கி மலைச்சரிவில் ஒருவர் ஏறிக்கொண்டு இருக்கிறார். முதுகில் மூட்டை. கழுத்தில் தொலைநோக்கி. கையில் ஊன்றுகோல்.

அவர் ஒரு வேட்டைக்காரர். ஆனால் அவரிடம் துப்பாக்கி இல்லை!

"துப்பாக்கி இல்லாமல் என்ன வேட்டை?" என்று கேட்கிறீர்களா?

அவர் இன்று மானைச் சுடப் போகவில்லை. பார்க்கப் போகிறார். வேட்டைக் காலம் தொடங்க இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. அதற்கு முன்பே மலைக்குப் போய், மான் எங்கே மேய்கிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது, எங்கே படுக்கிறது என்று தெரிந்துகொண்டு வருவது அங்கே வழக்கம். பெண்ணைக் கொடுக்கும் முன், மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்து வருகிறோம் அல்லவா? அது மாதிரிதான் இதுவும்!

கொலராடோவில் துப்பாக்கி வேட்டைக்கு ஒரு தவணையில் கொடுப்பது 5 நாள் முதல் 9 நாள் வரைதான். அந்தச் சில நாட்களுக்காக, கோடை முழுவதும் விடுமுறை கிடைக்கும் போதெல்லாம் மலையில் அலைகிறவர்கள் உண்டு. குழந்தை குட்டிகளோடு போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களும் உண்டு.

கடமானுக்கு உறவு

அவர்கள் தேடும் மானுக்கு "எல்க்" என்று பெயர். நம் காடுகளில் உள்ள கடமானுக்கு உறவு. ஆண் எல்க் சுமார் 320 கிலோ எடை இருக்கும். பெண் எல்க் சுமார் 225 கிலோ இருக்கும்.

ஆண் மானுக்கு மட்டும்தான் கொம்பு. அந்தக் கொம்பு ஒவ்வொரு வருஷமும் உதிர்ந்து, மறுபடியும் முளைக்கிறது! கோடையில் அது வளரும் வேகம் ஆச்சரியமானது. நன்கு வளர்ந்த ஒரு ஜோடிக் கொம்பின் எடை 18 கிலோ வரை போகும். வளரும்போது அதன் மேல் வெல்வெட் துணி போன்ற மெல்லிய தோல் மூடி இருக்கும். ஆகஸ்டு மாதத்தில், மரத்தில் உரசி உரசி அந்தத் தோலைக் கிழித்துப் போட்டு விடும்.

செப்டம்பரில் இனச்சேர்க்கைக் காலம். அப்போது ஆண் மான் குரல் கொடுக்கும். அடித்தொண்டையில் தொடங்கி, சீழ்க்கை போல் உச்சத்துக்கு ஏறி, உறுமலில் முடியும் குரல் அது. பெரிய உடம்பில் இருந்து இப்படி ஒரு குரலா என்று கேட்டவர்கள் திகைத்துப் போவார்கள்.

தொட்டபெட்டாவுக்கும் மேலே

நம் நீலகிரியில் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 8,652 அடி. கோடையில் எல்க் மான் மேய்வது அதற்கும் மேலே! 10,000 அடி, 12,000 அடி உயரத்தில் உள்ள புல்வெளிகளில் அவை மேயும்.

அங்கே காற்று மெலிந்து இருக்கும். பத்து அடி வைத்தால் மூச்சு வாங்கும். பழக்கம் இல்லாதவருக்குத் தலை வலிக்கும், வாந்தி வரும். அப்படி வந்தால் மேலே ஏறக் கூடாது. உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

இன்னோர் ஆபத்து இடி மின்னல். கோடையில் பிற்பகல் ஆனால் மலைமேல் மேகம் திரண்டுவிடும். சுமார் 11,500 அடிக்கு மேல் மரங்களே கிடையாது. மொட்டை முகட்டில் மனிதன் நின்றால், அங்கே உயரமான பொருள் அவன்தான்! ஆகையால், "மதியத்துக்கு முன் முகட்டை விட்டு இறங்கு" என்பது அந்த ஊர் பாடம்.

விவரம் தெரிந்தவர்கள் புறப்படும் முன் வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைக்கிறார்கள். "இந்தப் பாதையில் போகிறேன். காரை இந்த இடத்தில் நிறுத்துவேன். இத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தகவல் கொடு." மலைமேல் பல இடங்களில் செல்போன் எடுக்காது. அங்கே உயிரைக் காப்பாற்றுவது அந்தச் சீட்டுதான்.

மலை சொல்லும் சேதி

போகிற வழியில் வேட்டைக்காரர் தரையைப் பார்க்கிறார். ஈர மண்ணில் குளம்புத் தடம் இருக்கிறதா? புழுக்கை புதியதா, காய்ந்ததா? இளமரத்தின் பட்டை உரிந்து இருக்கிறதா? உரிந்திருந்தால் அங்கே ஒரு ஆண் மான் கொம்பை உரசி இருக்கிறது. சேற்றுப் பள்ளம் கலங்கிக் கிடக்கிறதா? நம் ஊர் எருமை போல, எல்க் மானும் சேற்றில் புரளும்.

இவ்வளவையும் பார்த்தாலும் அவர் மானுக்குப் பக்கத்தில் போவதில்லை. எதிர்ச்சரிவில் உட்கார்ந்து, ஒரு மைல் தூரத்தில் இருந்து தொலைநோக்கியால் பார்க்கிறார். மனித வாடை பட்டால் மான் கூட்டம் அந்தப் பள்ளத்தாக்கையே விட்டுப் போய்விடலாம். அப்புறம் கோடை முழுவதும் பட்ட பாடு வீண்!

எல்க் மானுக்கு மூக்கு மகா கூர்மை. ஆகையால் வேட்டைக்காரர் காற்றைப் படிக்க வேண்டும். களத்தில் நெல் தூற்றுகிற நம் விவசாயி காற்றைப் பார்ப்பது இல்லையா? அது போல, அவர் ஒரு சிட்டிகை மாவுத்தூளைப் பறக்கவிட்டுப் பார்க்கிறார்.

மலைக்காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. விடியற்காலையில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் போலச் சரிவில் கீழே வழியும். வெயில் ஏறியதும் சூடான காற்று மேலே எழும். ஆகையால், காலையில் மானுக்குக் கீழே இருக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு மானுக்கு மேலே இருக்க வேண்டும்.

ஆகஸ்டில் பார்த்த மான் அக்டோபரிலும் அதே இடத்தில் நிற்குமா? நிற்காது! பனி விழுந்தால் கீழே இறங்கும். ஆள் நடமாட்டம் கூடினால் அடர்ந்த காட்டுக்குள் ஒளியும். பின் எதற்கு இந்த அலைச்சல்?

மானைத் தெரிந்துகொள்வது பாதி. மலையைத் தெரிந்துகொள்வது மீதி. எந்தப் பாதை செங்குத்து, எங்கே ஓடை, எங்கே ஒதுங்க இடம், எதுவரை அரசாங்கக் காடு, எங்கே தனியார் நிலம் என்று காலால் நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கொலராடோவில் அனுமதி பெறாமல் தனியார் நிலத்தில் வேட்டையாடினால் குற்றம். "வேலி இல்லை, பலகை இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

எங்கே சுடக் கூடாது?

இந்த நாட்களில் வேட்டைக்காரர் கற்கும் பெரிய பாடம், எங்கே சுடுவது என்பது அல்ல. எங்கே சுடக் கூடாது என்பதுதான்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய ஆண் மானில் இறைச்சி மட்டும் சுமார் 100 கிலோ கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மானை வீழ்த்திய இடம், கார் நிற்கும் இடத்தில் இருந்து 3 மைல். ஒரு ஆள் ஒரு நடைக்கு 25 கிலோ சுமந்தால் 4 நடை. சுமையோடு 4 முறை இறங்க வேண்டும். நடுவில் 3 முறை வெறுங்கையோடு ஏற வேண்டும். ஆக மொத்தம் 7 முறை. 21 மைல்! அதுவும் சமதரையில் அல்ல. மூச்சு முட்டும் மலையில்.

செப்டம்பரில் பகல் வெயில் இன்னும் சூடாகத்தான் இருக்கும். பெரிய உடம்பு ஆதலால் உள்ளே இருக்கும் சூடு எளிதில் தணியாது. சீக்கிரம் தோலை உரித்து, இறைச்சியைத் துணிப்பையில் கட்டி நிழலில் தொங்கவிடாவிட்டால் கெட்டுப் போகும். உண்ணத் தகுந்த இறைச்சியை வீணாக்குவது கொலராடோவில் சட்டப்படி குற்றம். கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை விட்டுவிட்டு வர முடியாது.

மடுவின் அடியில் ஒரு மான் நிற்கிறது. பிரமாதமான கொம்பு. தனி ஆளாக வந்தவர் அதைச் சுடலாமா? சுட்டால் மேலே கொண்டு வர முடியுமா? மலையை முன்பே பார்த்து வைத்தவருக்குப் பதில் தெரியும். விசையில் இருந்து விரலை எடுத்துவிடுவார். பார்க்காதவர் சுட்ட பிறகுதான் யோசிப்பார். ஓர் உயிரும் போய், உணவும் பாழாகும்.

அழிந்து மீண்ட மான்

இவ்வளவு கட்டுப்பாடு ஏன்? அதற்கு ஒரு கதை உண்டு.

வெள்ளையர் வருமுன் அந்த மலைகள் யூட் பழங்குடி மக்களின் பூமி. கோடையில் மேலே, குளிர்காலத்தில் கீழே என்று மானைப் போலவே அவர்களும் இடம் மாறி வாழ்ந்தார்கள். பிறகு சுரங்கங்கள் வந்தன. நகரங்கள் வந்தன. சந்தையில் இறைச்சி விற்க மான்களைக் கணக்கில்லாமல் சுட்டார்கள். 1910-ம் ஆண்டு வாக்கில் கொலராடோவில் எல்க் மான்கள் மிகச் சிலவே மிஞ்சின. பக்கத்து மாநிலமான வயோமிங்கில் இருந்து மான்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள்.

1937-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான 11 சதவீத வரி, மாநிலங்களில் வனவிலங்குப் பாதுகாப்புக்குச் சேர்கிறது. இன்று கொலராடோவில் ஏறத்தாழ 3 லட்சம் எல்க் மான்கள் உள்ளன. அமெரிக்காவிலேயே அதிகமான எல்க் இருப்பது அங்கேதான்.

அங்கே யாரும் நினைத்தபடி சுட முடியாது. லைசென்சு வேண்டும். பல பகுதிகளுக்குக் குலுக்கலில்தான் லைசென்சு கிடைக்கும். 1949-ம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள், வேட்டைப் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறி இருக்க வேண்டும். 12 வயது ஆகாதவர்களுக்குப் பெரிய விலங்கு வேட்டை கிடையாது.

நம் ஊரில்?

இதைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கியைத் தேடிப் புறப்பட்டுவிடாதீர்கள்!

நீலகிரியில் 1879-ம் ஆண்டிலேயே வேட்டையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். சிறைத் தண்டனை உண்டு. நம் காடுகளில் மான் குறைந்துபோன நிலையில் எடுத்த முடிவு அது. அவரவர் காட்டின் நிலைமைக்கு ஏற்ற சட்டம் அவரவருக்கு.

ஆனால் காற்றைப் படிப்பது, தடம் பார்ப்பது, தூரத்தில் இருந்து மானைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது — இதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை. வனத்துறை அனுமதிக்கும் இடங்களில் நாமும் குழந்தைகளோடு போய்ப் பார்க்கலாம்.

கொலராடோவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில், ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் மான் கிடைக்கிறது. மற்ற நான்கு பேரும் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள்.

அவர்கள் மனம் உடைந்து போகிறார்களா? இல்லை! அடுத்த வருஷம் ஆகஸ்டு மாதம், விடியற்காலை 4 மணிக்கு, வீட்டில் சீட்டு எழுதி வைத்துவிட்டு, மறுபடியும் மலை ஏறுகிறார்கள். துப்பாக்கி இல்லாமல்!