பி.காம். (சி.ஏ.) படித்தால் ஆடிட்டர் ஆகலாமா? பனியன் கம்பெனி கணக்கு வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

திருப்பூர்:-

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் திருப்பூரில் பல பனியன் கம்பெனிகளில் ஆபீஸ் ரூம் முன்பு கூட்டம் நிற்கும். வாரச்சம்பள நாள். டெய்லருக்கு எத்தனை ஷிப்ட், செக்கிங் பெண்ணுக்கு எவ்வளவு அட்வான்ஸ் பிடித்தம் என்று கணக்கு பார்த்து கொடுப்பவர் அக்கவுண்டண்ட். "நம்ம பிள்ளையும் அந்த சேர்ல உட்காரணும்" என்று ஆசைப்படும் பெற்றோர் இங்கு ஏராளம்.

பெயரில் குழப்பம்

பிளஸ்-2வில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்கள் பெரும்பாலும் பி.காம். சேருகிறார்கள். திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக்கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக்கல்லூரி இரண்டும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. படிப்பு 3 ஆண்டு.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பி.காம். (சி.ஏ.) என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். அது ஆடிட்டர் படிப்பு அல்ல. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ.வை எந்த கல்லூரியும் கொடுப்பதில்லை. 1949-ல் சட்டப்படி அமைக்கப்பட்ட இந்திய பட்டயக் கணக்காளர் கழகம்தான் தேர்வு நடத்துகிறது.

2 வழிகள்

பிளஸ்-2 முடித்தவர்கள் முதலில் பவுண்டேஷன் தேர்வு எழுத வேண்டும். 4 தாள். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் பாஸ். பி.காம். படிப்பில் 55 சதவீதம் வாங்கியவர்கள் பவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட் போகலாம்.

அதன்பிறகு ஆடிட்டரிடம் உதவித்தொகையுடன் பயிற்சி. 3 ஆண்டாக இருந்த இந்த பயிற்சி 2023-ல் 2 ஆண்டாக குறைக்கப்பட்டது. கடைசியாக பைனல். தேர்வு கஷ்டமானது. நாலைந்து தடவை எழுதுபவர்களும் உண்டு. பி.காம். முடித்துவிட்டு போனால், சி.ஏ. கை கொடுக்காவிட்டாலும் டிகிரி கையில் இருக்கும்.

டேலி மட்டும் போதுமா?

"டேலி கத்துக்கிட்டா போதும், காலேஜ் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. டேலி கூட்டல், கழித்தல் போடும். எது எந்த கணக்கில் வரும் என்பது ஆளுக்குத்தான் தெரிய வேண்டும். டேலி மட்டும் தெரிந்தவர்கள் பில் என்ட்ரியிலேயே நின்றுவிடுவது இதனால்தான்.

ஒரு டி-சர்ட்டுக்கு நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனி பில். வழியில் வேஸ்டேஜ் வேறு. கணக்கில் பீசுக்கு 1 ரூபாய் தப்பினால், 1 லட்சம் பீஸ் ஆர்டரில் 1 லட்சம் ரூபாய் போச்சு. இந்த அடக்க விலை கணக்குக்கென்றே சி.எம்.ஏ. என்ற படிப்பு உண்டு.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபிறகு வேலை கூடிவிட்டது. மாதாமாதம் கணக்கு காட்டும் கம்பெனிகள் 11-ந்தேதிக்குள் விற்பனை விவரமும், 20-ந்தேதிக்குள் வரிக்கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும்.

2024 ஏப்ரலில் இன்னொரு விதியும் வந்தது. சிறு, குறு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும். இல்லாவிட்டால் 15 நாள். தவறினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதை வருமான வரியில் செலவாக காட்ட முடியும். இதை முதலாளிக்கு ஞாபகப்படுத்துபவரும் அக்கவுண்டண்ட்தான்.

தொழிலாளிக்கும் லாபம்

பில் என்ட்ரியில் தொடங்குபவர் பி.எப்., இ.எஸ்.ஐ., எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட், காஸ்டிங் என்று கற்றுக்கொண்டால் அக்கவுண்ட்ஸ் மானேஜர் வரை போகலாம். வங்கித்தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வும் எழுதலாம்.

வீட்டுக்கும் உதவும். இ.எஸ்.ஐ.க்கு தொழிலாளி பங்கு 2019 ஜூலையில் 0.75 சதவீதமாக குறைக்கப்பட்டது. அந்த கணக்குப்படி 10 ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்கு பிடித்தம் 75 ரூபாய். பிடித்த பணம் கட்டப்பட்டதா, பி.எப். பாஸ்புக்கில் ஏறியதா என்று அப்பா, அம்மாவின் சம்பளச்சீட்டை பார்த்துச் சொல்ல கணக்கு படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.