லத்தியைப் பார்த்த பிறகு மருந்து

புதுக்கோட்டைச் சீமையில் திருவிழா வந்தால் மாட்டுவண்டிக்குப் பின்னால் குதிரைவண்டி எல்கைப் பந்தயமும் வரும். பந்தயம் நெருங்க நெருங்கக் குதிரைக்குக் கொள்ளு கூடும், லாடம் புதிதாகும். லத்தியை மட்டும் அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. "நல்லாத்தான் தின்னுது, உடம்புல ஒட்டமாட்டேங்குது" என்று கீரனூர்ப் பக்கம் ஒருவர் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது அந்த லத்தியைத்தான்.

குதிரைக் குடலில் பல வகைப் புழுக்கள் உண்டு. குட்டியைப் படுத்துவது உருண்டைப் புழு. முழங்கை நீளம்கூட வளரும். ஒரு பெண் புழு தினமும் லட்சத்துக்கு மேல் முட்டையிடும். அந்த முட்டை லாயத்து மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் பானைபோல் தொங்க, ரோமம் மங்கி நிற்கும் குட்டியைப் பார்த்தால் நெஞ்சு பொறுக்காது. புழுக்கள் திரண்டு குடலை அடைத்துக்கொண்டால் உயிரே போய்விடும்.

பெரிய குதிரைக்கு எமன், இரத்தம் உறிஞ்சும் சிவப்புப் புழு. வளர்ந்த புழு இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் அதன் இளம்புழு குடலை விட்டு வெளியேறி, குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிக்குள் ஏறி மாதக்கணக்கில் தங்கும். தமனிச் சுவர் தடிக்கும், இரத்தம் உறையும். உறைந்த கட்டி நகர்ந்து கிளைக்குழாயை அடைத்தால் அந்தப் பகுதிக் குடல் செத்துப்போகும். குதிரை முன்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், வியர்த்துக் கொட்டும், கீழே விழுந்து புரளும். அப்போது கைவைத்தியம் எதுவும் வேண்டாம். மருத்துவரை அழைக்க வேண்டும். வாயில் ஊற்றியதை வாந்தியெடுத்து வெளியேற்றவும் குதிரையால் முடியாது.

லத்தியிலிருந்து புல்லுக்கு ஏறும் இளம்புழுவைச் சித்திரை வெயில் காயவைத்துவிடும். ஐப்பசி மழைக்குப் பின் துளிர்க்கும் புல்லில்தான் ஆபத்து. மாடு அதே தரையில் மேய்வது நல்லதே: குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் பிழைப்பதில்லை.

மருந்து இருக்கிறதே என்று மாதாமாதம் ஊற்றுவதுதான் இன்று பெரிய தவறு. அப்படிச் செய்துதான் உலகின் பல நாடுகளில் புழுக்கள் மருந்துக்கு மசியாமல் போய்விட்டன. உருண்டைப் புழுவிடம் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தே தோற்கிறது. வளர்ந்த குதிரைகளில் ஐந்தில் ஒரு பங்குதான் ஏறக்குறைய 80 சதவீத முட்டைகளைக் கொட்டுகிறது. ஆகவே எல்லாக் குதிரைக்கும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மருந்து போதும், அதற்கு மேல் என்றால் லத்தியில் முட்டை எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். குட்டிக்கான கணக்கு வேறு, அதை மருத்துவர் சொல்வார்.

எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் அளவு குறையும், புழு தப்பிக்கும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்று 150, நீளம் 140 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 265 கிலோ. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடவே கூடாது. ஊசி போட்ட இடம் அழுகி இறந்த குதிரைகள் உண்டு. குதிரைக்கு அது வாய்வழி மருந்து.

மருந்து கொடுத்து 14 நாள் கழித்து மறுபடி எண்ணினால், அது வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். காலையில் விழுந்த லத்தியில் மண் படாத நடுப்பகுதியாக ஒரு கைப்பிடி எடுத்து, பையில் காற்றில்லாமல் கட்டி, ஐஸ் டப்பாவில் வைத்து அன்றைக்கே சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் விட்டால் முட்டை பொரிந்து எண்ணிக்கை தப்பாகிவிடும்.