சென்சாருக்கு முன்னால் இரண்டு மில்லிமீட்டர்

2013 அக்டோபரில், சில நாள் இடைவெளியில், மூன்று அறிவிப்புகள் வந்தன. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் ஓடஸ் 55 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. ஜப்பானின் நிக்கான் 58 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. சோனி, ஏ7, ஏ7ஆர் என்ற இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை அறிமுகப்படுத்தியது. நல்ல படத்துக்குக் காரணம் லென்ஸா, சென்சாரா என்று போட்டோகிராபர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். அந்தச் சண்டையில் இரு தரப்பும் எடுத்துப் பேசும் சாட்சிகள் பலவும் அந்த ஒரே மாதத்தில் வந்தவைதான்.

முதலில் ஓடஸ். ஏறத்தாழ ஒரு கிலோ எடை. உள்ளே 12 கண்ணாடிகள். ஆட்டோஃபோகஸ் கிடையாது, வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும். விலை சுமார் 4,000 டாலர். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு வாங்குகிறவருக்கு ஸைஸ் தந்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: குறையே இருக்காது. அப்பர்ச்சரை எஃப் 1.4 வரை முழுதாகத் திறந்தாலும் படத்தின் மூலைவரை துல்லியம் இருக்கும். மரக்கிளை வானத்தைத் தொடும் விளிம்புகளில் மற்ற லென்ஸ்கள் காட்டும் ஊதாக் கரை இதில் அநேகமாக இருக்காது. வாக்கைக் காப்பாற்றினார்கள் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

நிக்கானின் 58 வேறு ஜாதி. எடை 385 கிராம், விலை சுமார் 1,700 டாலர். சோதனை அட்டையைப் படமெடுத்துப் பார்த்த விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். நிக்கானே சில நூறு டாலருக்கு விற்கும் 50 மி.மீ. லென்ஸ் இதைவிட ஷார்ப்பாக இருக்கிறதே, இதற்கா இந்த விலை என்றார்கள். ஆனால் மனிதர்களைப் படம் பிடிப்பவர்களில் ஒரு கூட்டம் இதை வாங்கிவிட்டுக் கையைவிட்டு இறக்க மறுத்தது.

இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான். பள்ளிக்கூட இயற்பியலில் கோளப் பிறழ்ச்சி என்று ஒன்று வரும். லென்ஸின் நடுப்பகுதி வழியாக வரும் ஒளியும் ஓரத்தின் வழியாக வரும் ஒளியும் ஒரே இடத்தில் கூடாது. ஓரத்து ஒளி கொஞ்சம் முன்னாலேயே கூடிவிடும். இதைத் திருத்தத்தான் கண்ணாடிக்கு மேல் கண்ணாடி அடுக்குகிறார்கள். திருத்தத்தை எங்கே நிறுத்துவது என்பது வடிவமைப்பாளர் கையில் இருக்கிறது. அளவுக்கு மீறித் திருத்தினால், பின்னணியில் மங்கலாகத் தெரியும் ஒவ்வொரு விளக்கும் விளிம்பு பளிச்சிடும் வளையமாகிவிடும். இலைகளும் கம்பிகளும் இரட்டைக் கோடுகளாகப் பிரிந்து கண்ணை உறுத்தும். கொஞ்சம் பாக்கி வைத்தால் அதே விளக்குகள் விளிம்பில் கரைந்துபோகும். கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் தொங்கும் சீரியல் பல்புகள் மெத்தென்ற பொட்டுகளாகும். கண்ணிமை மயிர் தெளிவாக நிற்கும். அதைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் மெல்லிய பூச்சு போர்த்தியிருக்கும். இதற்கும் விலை உண்டு. பின்னணியை அழகாக்கும் அதே பாக்கி, முன்னணியில் மங்கும் பொருட்களை முரடாகக் காட்டும்.

சோதனை அட்டை தட்டையானது, பெரும்பாலும் கிட்டத்தில் இருந்து எடுக்கப்படுவது. அதில் பின்னணியே கிடையாது. பின்னணிக்காகச் செய்த லென்ஸுக்கு அங்கே எப்படி மார்க் விழும்?

58-ஐ வடிவமைத்த ஹருவோ சாட்டோ எல்லாக் குறைகளையும் விட்டுவைக்கவில்லை. 1977-இல் நிக்கான் நாக்ட் என்ற பெயரில் ஒரு 58 மி.மீ. லென்ஸ் செய்தது. இரவில் படமெடுக்கும்போது, ஓரத்துத் தெருவிளக்குகள் பட்டாம்பூச்சி மாதிரி இறக்கை விரித்துக்கொள்ளும் குறையை ஒழிப்பதற்கென்றே பிறந்தது அது. 2013-இன் 58-உம் அதே வழியில் வந்தது: ஓரத்துப் புள்ளிகள் இயன்றவரை புள்ளிகளாகவே இருக்கும். ஆக, ஒரு குறையை விரட்டிப் பிடித்தார்கள், இன்னொன்றைக் கண்டும் காணாமல் விட்டார்கள். போட்டோகிராபர்கள் லென்ஸின் குணம் என்று உருகிப் பேசுவதில் பெரும்பகுதி இந்தத் தேர்வுதான்.

இனி சென்சார். சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. எத்தனை ஒளித்துகள்கள் விழுந்தன என்று எண்ணத்தான் அதற்குத் தெரியும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு பிக்சல் மேலும் ஒரு நிற வடிகட்டி உட்காருகிறது: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். விடுபட்ட நிறங்களைக் கேமராவின் மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. பல லட்சம் கொடுத்து வாங்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றிலும் கதை இதுவேதான்.

அந்தச் சென்சார்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் சுவாரசியம். 44-க்கு 33 மில்லிமீட்டர் அளவு, 5 கோடிப் பிக்சல் கொண்ட சோனி சென்சார் ஒன்று 2014-இல் ஃபேஸ் ஒன்னின் ஐக்யூ250-இல் ஏறியது. அதே ஆண்டு பென்டாக்ஸ் 645இஸட்டில் வந்தது. 2016-இல் ஹாசெல்பிளாடின் எக்ஸ்1டி, 2017-இல் ஃபியூஜிஃபிலிமின் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ். நான்கு நிறுவனங்கள், விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், உள்ளே கிட்டத்தட்ட ஒரே சில்லு. ஃபியூஜி மட்டும் மேலே உள்ள நுண்லென்ஸ்களைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டது. ஆனாலும் வாங்கியவர்கள் நான்கையும் நான்கு கேமராக்களாகவே உணர்ந்தார்கள். ஃபியூஜி தன் பழைய பிலிம் சுருள்களின் நிறங்களை மென்பொருளில் வைத்துக் கொடுத்தது. ஹாசெல்பிளாட் தோல் நிறத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருந்தது. எக்ஸ்1டி லென்ஸ்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருந்ததால், ஃப்ளாஷை நொடியில் 2,000-இல் ஒரு பங்கு வேகத்தில்கூடப் பயன்படுத்த முடிந்தது. ஜிஎஃப்எக்ஸில் 125-இல் ஒரு பங்கோடு சரி. உச்சி வெயிலில் முகத்துக்கு ஃப்ளாஷ் போட்டு எடுப்பவருக்கு மெகாபிக்சலைவிட இந்த ஒரு வித்தியாசம் பெரிது.

இதனால் சென்சார் ஒன்றும் பெரிதில்லை என்று ஆகிவிடாது. 2012-இல் 3.6 கோடிப் பிக்சலோடு வந்த நிக்கான் டி800, இருட்டில் மூழ்கிய பகுதியைக் கணினியில் தூக்கி வெளிச்சமாக்கினாலும் நாய்ஸ் அள்ளிக் கொட்டாது என்று காட்டியபோது பலர் வாய் பிளந்தார்கள். அந்த மாற்றம் முழுக்கச் சென்சாரின் சாதனை. ஆனால் அந்தப் பாதையில் இனிப் போக அதிக தூரமில்லை. காரணம் இயற்கை வைத்த வரம்பு. ஒரு பிக்சலில் 100 ஒளித்துகள் விழுந்தால், எண்ணிக்கை சராசரியாகப் பத்து முன்பின் ஆடும். 10,000 விழுந்தால் நூறு ஆடும், அதாவது ஒரு சதவீதம்தான். மங்கலான வெளிச்சத்தில் படம் மணல் கொட்டியதுபோல் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சென்சார் மேல் குற்றமில்லை. நல்ல சென்சார்கள் சிலிக்கானை வந்தடையும் ஒளியில் பாதிக்குமேல் ஏற்கெனவே பிடித்துவிடுகின்றன. மீதி முழுவதையும் பிடித்தாலும்கூட இரண்டு மடங்கு லாபம் வராது. எஃப் 4 லென்ஸைக் கழற்றிவிட்டு எஃப் 1.4 லென்ஸை மாட்டினால், அந்த நிமிடமே எட்டு மடங்கு ஒளி வருகிறது. புதிய பாடி வாங்கக் காசு சேர்க்கும் இளைஞர்களுக்குக் கடைக்காரர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

இதுவரை லென்ஸ் வேறு, சென்சார் வேறு என்றே பேச முடிந்தது. அதைக் குழப்பியது அந்த மாதத்தின் மூன்றாவது அறிவிப்பு.

சோனி ஏ7ஆரில் லென்ஸ் மாட்டும் இடத்துக்கும் சென்சாருக்கும் இடையே 18 மில்லிமீட்டர்தான். இடையில் கண்ணாடி ஆடி இல்லாததால், ஒரு அடாப்டர் வளையத்தைச் செருகினால் உலகத்தில் உள்ள பழைய லென்ஸ் எதையும் அநேகமாக மாட்டிவிடலாம். லைக்கா லென்ஸ் வைத்திருந்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். (படம் தயாரிக்கும் லைக்கா இல்லை, கேமரா தயாரிக்கும் ஜெர்மன் லைக்கா.) நீளமான லென்ஸ்கள் அருமையாக வேலை செய்தன. அகலக் கோணத்து லென்ஸ்களை மாட்டியபோதுதான் தலைவலி. நடுப்பகுதி ஊசி முனை. மூலைகளோ ஈரக்கையால் தேய்த்த மாதிரி. சிலவற்றில் ஓரங்கள் கருஞ்சிவப்பாக மாறின. லைக்கா கேமராவில் மாட்டினால் அதே லென்ஸ் மூலைவரை தெளிவு!

குற்றவாளி சென்சாருக்கு முன்னால் ஒட்டியிருந்த கண்ணாடி அடுக்கு. அகச்சிவப்பைத் தடுக்கவும் தூசியை உதறவும் வைத்தது. சோனியில் சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமன். பிலிமுக்கு முன்னால் இப்படி எதுவுமே இருந்ததில்லை. ஒளி நேராக விழுந்தால் இந்த அடுக்கால் பெரிய பாதகமில்லை. பழைய லைக்கா அகலக் கோண லென்ஸ்களில் பின்பக்கக் கண்ணாடி பிலிமை முட்டுகிற அளவுக்கு உள்ளே நீண்டிருக்கும். மூலைக்குப் போகும் ஒளி பயங்கரச் சாய்வில் வரும். சாய்வாக வரும் ஒளி தடித்த கண்ணாடிக்குள் நுழைந்து வெளியேறுவதற்குள் கூடும் இடம் தப்பிவிடும். அமெரிக்காவில் லென்ஸ் வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தின் ரோஜர் சிக்காலா இதை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் பலருக்கு விஷயம் புரிந்தது. கேமராவைப் பிரித்து மெல்லிய கண்ணாடி மாற்றித் தரும் தொழிலே ஒன்று கிளம்பியது.

லைக்கா மெல்லிய கண்ணாடிக்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. 2006-இல் வந்த அதன் எம்8 கேமராவில் சென்சார் கண்ணாடி வெறும் அரை மில்லிமீட்டர். மூலைகள் பிழைத்தன, அகச்சிவப்பு உள்ளே புகுந்தது. செயற்கை இழையில் நெய்த கறுப்புத் துணிகள் பல அகச்சிவப்பை நன்றாகவே பிரதிபலிக்கும். கறுப்புக் கோட்டு போட்ட மணமகன், படத்தில் கத்தரிப்பூக் கலர் கோட்டோடு நின்றார். கேமராவின் விலையை நினைத்தால் சிரிக்க முடியாது. வாங்கிய ஒவ்வொருவருக்கும் லென்ஸின் முன்பக்கம் மாட்டிக்கொள்ள இரண்டு வடிகட்டிகளை லைக்கா இலவசமாகக் கொடுத்தது. 2009-இல் வந்த எம்9-இல் கண்ணாடியை 0.8 மி.மீ. ஆக்கினார்கள். ஊதாப் பிரச்சினை அடங்கியது. ஆனால் தேர்ந்தெடுத்த கண்ணாடி ஈரப்பதத்தைத் தாங்காத வகை. சில ஆண்டுகளில் பல கேமராக்களில் அது அரித்துப் புள்ளி புள்ளியாக ஆனது, மாற்றிக் கொடுக்க வேண்டிவந்தது.

லென்ஸ் உள்ளே என்ன குணத்தோடு வந்தாலும், கடைசி ஒரு மில்லிமீட்டரில் கேமரா அதில் கை வைக்கிறது என்பதை லைக்கா முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது. எம் லென்ஸ் ஒன்றைக் கழற்றி, பித்தளை வளையத்தைத் திருப்பிப் பார்த்தால், ஓரமாக ஆறு சிறு குழிகள் இருக்கும். சில கறுப்பு, சில வெள்ளை. கேமரா அந்த வரிசையைப் படித்து, மாட்டியிருப்பது எந்த லென்ஸ் என்று தெரிந்துகொள்ளும். அதற்கேற்ப ஓரத்து இருட்டையும் நிறத் திரிபையும் சரிசெய்யும்.

அந்த எம்9-ஐத்தான் இன்றும் தேடி வாங்குகிறார்கள், அதன் சிசிடி என்ற வகைச் சென்சார் தரும் நிறம் வேறெதிலும் வராது என்று. எண்ண மட்டும் தெரிந்த சிலிக்கானில் நிறத்தைத் தேடுவது வீண். பிக்சல் மேல் உள்ள சாயம், அகச்சிவப்புக் கண்ணாடி, மென்பொருள் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. நிறம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், காரணத்தை மட்டும் சிசிடி கணக்கில் எழுத வேண்டாம்.

கேமரா நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. சென்சார் கண்ணாடியையும் சேர்த்து ஒரே கருவியாகக் கணக்குப் போட்டு லென்ஸ் வடிக்கும் வழக்கம் இப்போது எங்கும் வந்துவிட்டது. மென்பொருளும் வடிவமைப்பில் ஒரு கண்ணாடியாகவே சேர்ந்துகொண்டது. கேனானின் ஆர்எஃப் 24-240 மி.மீ. ஜூமை அகலக் கோணத்தில் வைத்து எடுத்த ரா கோப்பை, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பை, திருத்தம் எதுவும் செய்யாத மென்பொருளில் திறந்தால் கோடுகள் வயிறு புடைத்து வளைந்திருக்கும், மூலைகளில் கறுப்பு தெரியும். படம் மூலைவரை எட்டவே இல்லை. கேமராவின் திரையில் இது ஒருபோதும் தெரியாது. இழுத்து நேராக்கிய பிறகுதான் காட்டுகிறது. விலையும் எடையும் குறைய இது நல்ல வழி. ஆனால் இந்த லென்ஸின் குணம் என்ன என்று கேட்டால் கண்ணாடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

திருத்தங்கள் பெருகப் பெருக, திருத்தாத கண்ணாடிக்குச் சந்தை வந்தது. மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்கில் ஜெனித் கேமராவோடு கொடுத்த ஹீலியோஸ் 44 லென்ஸைத் தேடி அலைகிறார்கள். பின்னணி இலைகள் சுழல்போல வட்டமிடும் என்பதற்காக. ஜப்பானின் கொசினா தன் வாய்க்லாண்டர் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை இரண்டு விதமாக விற்றது: பல அடுக்குப் பூச்சோடு ஒன்று, ஒற்றைப் பூச்சோடு இன்னொன்று. இரண்டாவது விளக்கொளியில் கூடுதலாகக் கூசும். வேண்டுமென்றே கூசுவதற்காகவே அதை வாங்கினார்கள்.

2017-இல் லைக்கா இன்னும் ஒரு படி போனது. 1935-இல் செய்த தம்பார் 90 மி.மீ. லென்ஸைத் திரும்பக் கொண்டுவந்தது. நான்கே கண்ணாடிகள், கோளப் பிறழ்ச்சியைத் திருத்தாமல் வேண்டுமென்றே விட்ட பழைய வடிவமைப்பு, ஒரு மாற்றமும் இல்லை. கண்ணாடியைக் காக்க ஒற்றைப் பூச்சு மட்டும் புதிது. கூடவே ஒரு வடிகட்டியும் வரும். அதன் நட்டநடுவில் ஒரு வட்டப் பொட்டு. லென்ஸின் நடுப்பகுதிதான் கூர்மையான ஒளியைத் தரும் என்பதால், அதை மறைத்து, ஓரத்துக் குறையை மட்டும் சென்சாருக்கு அனுப்ப அந்தப் பொட்டு. விலை 6,000 டாலருக்கு மேல்.